அடைக்காதீர்கள், கழற்றிப் பாருங்கள்: பழைய மோட்டார் படகில் நீருக்கடிப் புகைவாய்க் கசிவு

மண்டபத்திலிருந்து இரவு ரயிலில் கிளம்பிய என் சித்தப்பா மகன், காலையில் தேனாம்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டு வாசலில் நின்றார். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் நாளிதழில் சுற்றிய ஓர் உலோகத் துண்டு. “அக்கா, நீங்க மண்ணையும் தண்ணியையும் சோதிச்சுப் பாக்குறவங்க. இது ஏன் இப்படி ஆச்சுன்னு சொல்லுங்க” என்றார்.

பிரித்துப் பார்த்தேன். இரண்டு அங்குலக் குழாயும் அதன் முனையில் வட்டமான பிளாஞ்சும் கொண்ட பித்தளைப் பொருள். மஞ்சளாக இருக்க வேண்டிய இடம் செம்பு நிறத்துக்கு மாறியிருந்தது. ஸ்குரூ டிரைவர் முனையால் அழுத்தியதும் ஓரம் பொரபொரவென்று உதிர்ந்தது. அவருடைய படகின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, இன்ஜின் புகையை வெளியேற்றிக்கொண்டிருந்த பொருத்து அது.

அவரும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து கடலில் மிதவைக் கூண்டுகளில் கடல் விரால் வளர்க்கிறார்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையம் 2010-ல் கடல் விரால் குஞ்சு உற்பத்தியில் வெற்றி கண்ட பிறகு, அந்தக் கரையோரம் இந்தத் தொழில் வேரூன்றியது. கூண்டு மீனுக்குத் தினமும் தீனி கொண்டுபோக வேண்டும். அதற்காகத் தனியார் ஒருவரிடம் 24 அடி நீளமுள்ள பழைய ஃபைபர் படகை வாங்கினார்கள். உள்ளே டீசல் இன்ஜின். முன்பு உல்லாசப் பயணத்துக்கு ஓடிய படகு என்பதால், சத்தமும் புகையும் தெரியாமல் இருக்கப் புகைவாயைத் தண்ணீருக்கடியில் வைத்திருந்தார்கள்.

வாங்கிய இரண்டாவது வாரமே அடித்தளத்தில் தண்ணீர் தேங்கியது. உள்பக்கமாக எபாக்சி புட்டி பூசினார்கள். பத்து நாள் நின்றது, மறுபடி கசிந்தது. மூன்று முறை பூசினார்கள். ஒரு நாள் விடியற்காலையில் போய்ப் பார்த்தபோது படகு பின்பக்கம் அமிழ்ந்து, கியர்பாக்ஸ் வரை தண்ணீர் நின்றது. தண்ணீர் இறைக்கும் தானியங்கி பம்பு இரவு முழுக்க ஓடி பேட்டரியைத் தீர்த்துவிட்டிருந்தது. கூண்டுக்குப் போகும் வழியில் இது நடந்திருந்தால் மூன்று குடும்பத்தின் கதை வேறாகியிருக்கும்.

சொட்டு என்று அலட்சியம் வேண்டாம்

சொட்டுநீர்ப் பாசனம் செய்யும் விவசாயிகளுக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும். மணிக்கு 4 லிட்டர் விடும் ஒரு டிரிப்பர் 24 மணி நேரத்தில் 96 லிட்டர் தருகிறது. படகுக்குள் அதே அளவு சொட்டினால், ஒரே நாளில் ஏறத்தாழ 100 கிலோ எடை ஏறுகிறது. தண்ணீர் பின்பக்கம் சேரச் சேரப் படகு அங்கே தாழ்கிறது. தாழ்ந்தால் துளையின் மேல் நீரழுத்தம் கூடுகிறது, கசிவும் கூடுகிறது. அதுவரை நீர்மட்டத்துக்கு மேலே இருந்த மற்ற துளைகளும் மூழ்கத் தொடங்குகின்றன.

பொருத்து முழுவதும் உடைந்தால் நிலைமை இன்னும் மோசம். நீர்மட்டத்துக்கு ஓர் அடி கீழே உள்ள ஓர் அங்குலத் துளை வழியே நிமிடத்துக்குச் சுமார் 40 லிட்டர் உள்ளே பாயும். துளை இரண்டு அங்குலம் என்றால் அதைப் போல நான்கு மடங்கு. வாளியால் இறைத்து ஈடுகட்ட முடியாது.

அந்தக் குழாயில் என்ன நடக்கிறது?

இன்ஜினைக் குளிர்வித்த கடல்நீரைப் புகைக்குழாய்க்குள் செலுத்திப் புகையோடு கலந்து வெளியேற்றுவது இத்தகைய படகுகளின் முறை. இன்ஜினிலிருந்து சில நூறு டிகிரி வெப்பத்தில் வரும் புகை, தண்ணீர் கலந்ததும் ரப்பர் ஹோஸ் தாங்கும் அளவுக்குக் குளிர்ந்துவிடும். பிறகு ஹோஸ் வழியாகப் படகின் சுவரில் உள்ள பொருத்துக்கு வந்து வெளியேறும்.

ஆகவே இந்தப் பொருத்துக்கு மூன்று பக்கமும் சோதனை. வெளியே உப்புநீர். உள்ளே வெப்பமும், புகையில் உள்ள கந்தக வாயுக்கள் தண்ணீரில் கரைந்து உண்டாக்கும் அமிலமும். கூடவே இன்ஜினின் ஓயாத அதிர்வு. கிணற்றில் கிடக்கும் புட் வால்வைவிட இதற்கு ஆயுள் குறைவு என்பதில் வியப்பில்லை.

புகைக்குழாயின் பாதையையும் கவனிக்க வேண்டும். ஹோஸ் இன்ஜினிலிருந்து நேராகக் கீழே இறங்கி வெளியே போகக் கூடாது. நீர்மட்டத்துக்கு மேலே நன்றாக ஏறி, வளைந்து, பிறகு இறங்க வேண்டும். இல்லாவிட்டால் இன்ஜின் நின்றதும் கடல்நீர் பின்னோக்கி ஏறி சிலிண்டருக்குள் போய்விடும். அது தெரியாமல் ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். குளிர்விக்கும் நீர் புகைக்குழாயில் சேரும் இடம் தாழ்வாக இருந்தால், அந்தக் குழாயில் சைபனை முறிக்கும் வால்வும் அவசியம். வாய்க்காலிலிருந்து வயலுக்கு சைபன் குழாய் போட்டவர்களுக்கு இது புதிதல்ல.

கசிவின் இடத்தைக் கண்டுபிடிப்பது

தண்ணீர் தெரியும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. படகுக்குள் தண்ணீர் ஓடிவந்து தாழ்வான இடத்தில் நிற்கும். எனவே வரிசையாகச் சோதியுங்கள்.

முதலில், அது கடல்நீரா மழைநீரா என்று பாருங்கள். மண் பரிசோதனைக்கு நாங்கள் பயன்படுத்தும் மின்கடத்துத்திறன் மீட்டர் இதற்குப் போதும். கடல்நீர் சுமார் 50 டெசிசீமன்ஸ் காட்டும். மழைநீர் 1-க்கும் கீழே நிற்கும். மீட்டர் இல்லாவிட்டால் நாக்கு நுனியில் ஒரு துளி வைத்தாலே தெரிந்துவிடும்.

இரண்டாவது, அடித்தளத்தை முழுக்கத் துடைத்துக் காயவிட்டு, பொருத்தைச் சுற்றிச் சாக்பீஸ் பொடி தூவுங்கள். புரொப்பல்லர் தண்டின் பேக்கிங், சுக்கான் தண்டு, கடல்நீர் உறிஞ்சும் வால்வு ஆகியவற்றைச் சுற்றியும் தூவுங்கள். முதலில் நனையும் இடம் எது என்று பாருங்கள். புரொப்பல்லர் தண்டின் பேக்கிங் சில வகைகளில் ஓடும்போது ஓரிரு சொட்டு விடுவது இயல்பு. அதை மற்றக் கசிவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது, இன்ஜின் நிற்கும்போதும் கசிகிறதா, ஓடும்போது மட்டுமா என்று பாருங்கள். ஓடும்போது மட்டும் என்றால் ஹோஸ், கிளிப் அல்லது தண்ணீர் கலக்கும் வளைவுக் குழாயில் ஓட்டை இருக்கலாம். நின்றாலும் கசிந்தால் பெரும்பாலும் சுவரில் உள்ள பிளாஞ்ச்தான்.

ஓடும்போது புகையும் உள்ளே வந்தால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு சேர்வது உயிருக்கே ஆபத்து. அந்த வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது. தலைவலியும் தலைச்சுற்றலும்தான் முதல் அறிகுறி. கடலில் போகிறவர்கள் அதை வெயில் என்று நினைத்துவிடுவார்கள்.

கரையேற்றிக் கழற்றுங்கள்

நீருக்கடியில் உள்ள பொருத்தைப் படகு தண்ணீரில் மிதக்கும்போது ஒருபோதும் கழற்றக் கூடாது. கரையேற்றி, படகு சாயாதபடி இருபக்கமும் முட்டுக் கொடுத்த பிறகே தொடவேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் அப்போதுதான் பழுதுபார்க்கக் கரையேறுகின்றன. மிஸ்திரிகளுக்கு ஓய்வே இருக்காது. கூண்டு மீன் வளர்ப்போர் அதற்கு முன்பாகவே வேலையை முடித்துக்கொள்வது நல்லது.

கரையேற்றியதும், கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். படகுக்குள் பொருத்து மூழ்கும் அளவுக்கு மட்டும் நல்ல தண்ணீர் ஊற்றி, வெளியிலிருந்து எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள். கரையில் நிற்கும் படகு அதிக எடையைத் தாங்காது என்பதால் கூடுதலாக ஊற்ற வேண்டாம்.

பிறகு பொருத்தைக் கழற்றுங்கள். உள்ளிருந்து புட்டி பூசுவது ஏன் நிற்கவில்லை என்பது அப்போதுதான் புரியும். நீரழுத்தம் வெளியிலிருந்து உள்ளே தள்ளுகிறது. உள்பக்கம் பூசிய புட்டியை அது ஒவ்வொரு நொடியும் பெயர்த்துக்கொண்டே இருக்கும். அடைப்பு வெளிப்பக்கம், பிளாஞ்சுக்கும் படகுச் சுவருக்கும் நடுவே இருந்தால்தான் அதே அழுத்தம் அடைப்புக்குத் துணை நிற்கும்.

தம்பியின் படகில் கழற்றியபோது மூன்று குறைகள் தெரிந்தன. பித்தளைப் பிளாஞ்ச் உள்ளேயே மக்கியிருந்தது. படகுச் சுவரின் நடுவில் இருந்த ஒட்டுப்பலகை துளையைச் சுற்றி ஊறி அழுகியிருந்தது. மூன்றாவது, ஹோஸ். கிணற்று பம்புக்கு வாங்கும் பச்சைநிற பி.வி.சி. உறிஞ்சுக் குழாயை யாரோ மாட்டியிருந்தார்கள். குளிர்விக்கும் தண்ணீர் ஒரு நிமிடம் தடைபட்டாலும் அந்தக் குழாய் இளகிவிடும். பிறகு கடல் உள்ளே வருவதை எந்தப் புட்டியாலும் தடுக்க முடியாது.

பித்தளையா, வெண்கலமா?

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. உப்புநீரில் துத்தநாகம் மட்டும் மெல்லக் கரைந்து வெளியேறுகிறது. எஞ்சுவது பஞ்சு போன்ற செம்பு. பார்வைக்குப் பொருள் அப்படியே இருக்கும், வலு இருக்காது. தம்பி கொண்டுவந்த துண்டின் செந்நிறம் அதற்கான அடையாளம். குழாய்க்கடையில் கிடைக்கும் பித்தளை ஃபிட்டிங் வீட்டுத் தொட்டிக்குச் சரி; கடலுக்குச் சரிப்படாது.

கடலுக்கு வெண்கலம் அல்லது கன்மெட்டல் வேண்டும். அல்லது புகைக்குழாய்க்கென்றே செய்த கண்ணாடியிழைப் பொருத்து வாங்கலாம். இரும்பு, பித்தளை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று கிடைத்ததை எல்லாம் கலந்து பூட்டக் கூடாது. உப்புநீரில் இரு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் ஒரு சிறு மின்கலம் உருவாகி, ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும். வெண்கலப் பொருத்துக்கு வெண்கல போல்ட்டே பொருத்தம். படகில் சிங்க் கட்டி இருந்தால் அதன்மேல் பெயின்ட் அடிக்க வேண்டாம். தான் கரைந்து மற்ற உலோகங்களைக் காப்பதுதான் அதன் வேலை. பாதி கரைந்ததும் மாற்றுங்கள்.

துளையைச் சீராக்கிப் பொருத்துவது

• துளையைச் சுற்றிச் சுத்தியல் பிடியால் தட்டிப் பாருங்கள். ‘டக்’ என்று கெட்டியான ஒலி வந்தால் சரி. மந்தமான ஒலி வரும் இடத்தில் உள்ளே ஊறியிருக்கிறது.

• அழுகிய பலகையைக் கெட்டிப் பலகை தெரியும்வரை சுரண்டி எடுங்கள். நல்ல தண்ணீரால் கழுவி உப்பை நீக்கி, பல நாள் காயவிடுங்கள். ஈரத்தின் மேல் எந்த ரெசினும் ஒட்டாது. அவசரப்படுபவர்கள் தோற்கும் இடம் இதுதான்.

• பலகையின் ஓரம் முழுவதையும் எபாக்சியால் மூடிவிடுங்கள். பெரிதாகத் துளையிட்டு, கெட்டியான எபாக்சியால் நிரப்பி, இறுகிய பின் அதன் நடுவில் தேவையான அளவுக்குத் துளையிடுவது நல்ல முறை. பிறகு தண்ணீர் கசிந்தாலும் பலகையைத் தொடாது.

• பழைய சீலன்ட்டை முழுக்கச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, துடைத்துக் காயவைத்த பின் கடல் பயன்பாட்டுக்கான பாலியூரித்தேன் சீலன்ட்டைப் பிளாஞ்ச் முழுவதும், போல்ட் துளைகளைச் சுற்றியும் தடவுங்கள். குளியலறைக்கான சிலிக்கோன் நீருக்கடிக்கு ஆகாது.

• போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஓரம் முழுக்க சீலன்ட் சீராகப் பிதுங்கினால் போதும். ஒரேயடியாக இறுக்கினால் எல்லாம் வெளியேறி, நடுவில் எதுவும் மிஞ்சாது. உள்பக்கம் அகலமான தாங்கு தட்டு வைக்க வேண்டும்.

• டப்பாவில் குறித்துள்ள நாட்கள் முடியும்வரை தண்ணீரில் இறக்காதீர்கள்.

• ஹோஸ் படகுப் புகைக்குழாய்க்கென்று விற்கும் கம்பிச்சுருள் வைத்த ரப்பர் ஹோஸாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முனைக்கும் இரண்டு ஸ்டெயின்லெஸ் கிளிப், திருகுகள் எதிரெதிர்ப் பக்கமாக.

ஃபைபர் வேலையில் பாதுகாப்பு முக்கியம். தேய்க்கும்போது முகக்கவசம், கண்ணாடி, முழுக்கைச் சட்டை அணியுங்கள். பாலியெஸ்டர் ரெசின் பயன்படுத்தினால், அதன் கேட்டலிஸ்டையும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கக் கூடாது, வெடிக்கும். ஆக்சிலரேட்டரை முதலில் ரெசினில் கலந்து, பிறகே கேட்டலிஸ்ட் சேர்க்க வேண்டும். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

அந்தத் துளை தேவைதானா?

இந்தக் கேள்வியை நான் தம்பியிடம் கேட்டேன். உல்லாசப் படகுக்குச் சத்தம் குறைய வேண்டும். தீனி ஏற்றிப்போகும் படகுக்கு எதற்கு?

எங்கள் தேனாம்பேட்டை அஞ்சல் குறியீடான 600018-க்குள்தான், அபிராமபுரம் செயின்ட் மேரீஸ் சாலையில், வங்காள விரிகுடாத் திட்ட அமைப்பின் அலுவலகம் இருக்கிறது. 1979-ல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் திட்டமாகச் சென்னையில் தொடங்கி, 2003-ல் இந்தியா, இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு ஆகிய நாடுகளின் கூட்டமைப்பாக மாறியது அது. 1980-களில் நம் கரைக்கேற்ற படகுகளை அவர்கள் வடிவமைத்தபோது, மணலில் ஏற்றும்போது புரொப்பல்லரைத் தூக்கிக்கொள்ளும் அமைப்பை உருவாக்கினார்கள். நம் கரைக்கு எது வேண்டும் என்று கேட்டுச் செய்த வேலை அது. அதற்கும் முந்தைய நம் கட்டுமரத்தில் கசிவு என்ற பேச்சே கிடையாது. ஓட்டை போடுவதற்கு அங்கே கூடே இல்லை. வேலைப்படகில் தண்ணீருக்குக் கீழே எத்தனை துளை குறைகிறதோ அத்தனை நிம்மதி.

எனவே அவர்கள் நீருக்கடித் துளையையே மூடிவிட முடிவு செய்தார்கள். துளையை மூடுவதும் ஒட்டுப்போடும் வேலை அல்ல. துளையின் ஓரத்தைச் சுவரின் தடிமனைப் போல 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். தடிமன் 6 மி.மீ. என்றால் சுற்றிலும் சுமார் 7 செ.மீ. சரிவு. அதன்மேல் கண்ணாடியிழைப் பாயை எபாக்சியில் நனைத்து அடுக்கடுக்காக வைத்து இழைக்க வேண்டும். எபாக்சிக்கு ஏற்ற பாய் எது என்று கேட்டு வாங்குங்கள். சில பாய்களின் பசை பாலியெஸ்டர் ரெசினில் மட்டுமே கரையும்.

புதிய புகைவாயைப் பின்பலகையில், முழுப் பாரம் ஏற்றிய நிலையிலும் நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும்படி வைத்தார்கள். குழாய் வெளிநோக்கிச் சரிந்திருக்கிறது. அலை அடித்தால் மூடிக்கொள்ள ஒரு ரப்பர் மடல். குழாயின் விட்டத்தை மட்டும் குறைக்கவில்லை. குறைத்தால் புகை பின்னழுத்தம் கொடுத்து இன்ஜின் திணறும். இந்த மாற்றத்தை இன்ஜின் மெக்கானிக்கைக் கேட்காமல் செய்யக் கூடாது.

இறக்கிய பின்

தண்ணீரில் இறக்கியதும் படகை விட்டுப் போகாதீர்கள். ஒரு மணி நேரம் இன்ஜினை நிறுத்தி வைத்தும், பிறகு ஒரு மணி நேரம் ஓடவிட்டும் ஒவ்வொரு பொருத்தையும் கையால் தடவிப் பாருங்கள். புகைவாயில் தண்ணீர் வந்துகொண்டே இருக்க வேண்டும். முதல் இரவு காவல் இருப்பது நல்லது.

ஒவ்வொரு துளைக்கும் அருகில் அதன் அளவுக்குச் செதுக்கிய கூம்பு வடிவ மரக்கட்டையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். பொருத்து உடைந்தால் கட்டையை அடித்து இறுக்கிக் கரை சேரலாம். புகைவாயை அடைத்தால் இன்ஜினை ஓட்டக் கூடாது என்பதால் துடுப்பும் படகில் இருக்க வேண்டும். உயிர்காப்பு மேலங்கி இல்லாமல் எந்தப் பயணமும் வேண்டாம்.

பழைய படகு வாங்குவோர் கவனத்துக்கு

2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் ஃபைபர் படகுகள் பெருகின. பல கைமாறிய படகுகள் இன்று விற்பனைக்கு வருகின்றன. வாங்குமுன் படகைக் கரையேற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் விலகிவிடுங்கள். தண்ணீருக்குக் கீழே எத்தனை துளை என்று எண்ணி எழுதுங்கள். புதிதாகப் பூசிய புட்டி தெரிந்தால் அதற்கான காரணத்தைக் கேளுங்கள். உலோகப் பொருத்தைக் கத்தி முனையால் சுரண்டுங்கள். மஞ்சளுக்குப் பதில் செந்நிறம் வந்தால் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். பதிவு, உரிமை மாற்றம் குறித்து மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். படகுக் கட்டுமானப் பொருட்கள், உலோக அரிப்பு பற்றிய தொழில்நுட்ப ஆலோசனைக்குக் கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையத்தை அணுகலாம்.

தம்பியின் படகு பதினோரு நாள் கரையில் இருந்தது. அந்த நாட்களில் பக்கத்துக் கூண்டுக்காரரின் வள்ளத்தில் தீனி போனது. என்னிடம் இருந்த பழைய மின்கடத்துத்திறன் மீட்டரையும் அவர் எடுத்துப் போயிருந்தார். சென்ற வாரம் மழை பெய்த மறுநாள் போன் செய்தார். “அக்கா, அடித்தளத்துல தண்ணி நிக்குது. மீட்டர் ஒண்ணுக்குக் கீழதான் காட்டுது” என்றார். மழைநீர்தான். இறைத்துவிட்டுத் தீனி ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள்.